பலகைகளை எடுக்கும் வாரம்

என் ஸ்கூட்டர் நிற்பது ஒரு தேவாலயத்துக்குள்.
கட்டி முடிக்காத தேவாலயம்.
இதைவிடப் பெரிதாக ஒன்று என்று
சியேனாக்காரர்கள் சுவரை நீட்டிக்கொண்டே போனார்கள்;
கொள்ளைநோய் வந்து
கொத்தனாரையும் கூலிக்காரனையும் ஒரே குழியில் போட்டது.
மிச்சம் நெட்டச் சுவர் ஒன்று, சில வளைவுகள்,
கூரை இருக்கவேண்டிய இடத்தில் வானம்.
பூசை நடந்திருக்கவேண்டிய தரையில்
என்னுடையதும் சேர்த்துப் பதினொரு வண்டிகள்.
ஹெல்மெட்டைக் கழற்றும்போது
கை தானாகச் சிலுவை போடுகிறது.

கட்டி முடித்தது பக்கத்தில்.
தூணுக்குத் தூண் கறுப்பும் வெள்ளையும்,
வரிக்குதிரையின் வயிற்றுக்குள் வேலை செய்கிறோம்
என்பான் நெவியோ.
வரிக்குதிரையை அவன் பார்த்ததில்லை.
நானும்தான்.

அண்ணாந்தால் நீலக் கூரையில் பொன் நட்சத்திரங்கள்.
அதற்குக் கீழே விளிம்பை ஒட்டி
நூற்று எழுபத்திரண்டு போப்பாண்டவர் தலைகள்.
ஒரே அச்சில் வார்த்த முகங்கள் பல;
அண்ணன் தம்பிகள்போல
குனிந்து பார்த்தபடி இருக்கிறார்கள்,
யார் தலையில் எது விழும் என்று.

பயணிகள் மேலேயே பார்க்கட்டும்.
ஆண்டின் பெரும்பகுதி தரை
பலகைக்கு அடியில் உறங்குகிறது.
கோடையில் நாங்கள் எழுப்புகிறோம்:
நெவியோ ஒரு முனை, நான் ஒரு முனை,
காலில் சாக்ஸ் மட்டும்.

முதலில் ஓநாய் வருகிறது,
இரட்டையருக்குப் பால் கொடுத்தபடி.
சுற்றிலும் ஊருக்கொரு விலங்கு;
பீசாவுக்கு முயல், ரோமுக்கு யானை.
பிறகு அதிர்ஷ்ட தேவதை,
ஒரு கால் உருண்டைமேல், ஒரு கால் படகில்,
இருக்கும் ஒரே துணியையும்
உடுத்தாமல் காற்றுக்குப் பிடித்திருக்கிறாள்.
பத்தொன்பது வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறியவள் நான்.
அவள்மேல் மட்டும் துடைப்பத்தைக்
கொஞ்சம் அழுத்தித்தான் இழுப்பேன்.

இடது கை மண்டபத்தில் ஏரோது.
பளிங்கைக் கீறிக் கறுப்பு நிரப்பிய கோடுகள்.
அரியணையிலிருந்து ஒரு விரல் நீள்கிறது, அவ்வளவுதான்;
மீதியைச் சிப்பாய்கள் செய்கிறார்கள்.
தாய்மார்களின் வாய்கள்.
வாய் என்பது ஒரு கறுப்புப் பள்ளம்,
அதில்தான் தூசி அதிகம் தங்கும்.
பல் தேய்க்கும் பிரஷால் எடுக்கவேண்டும்.

இந்த ஆண்டு அங்கே பலகையைத் தூக்கியபோது
ஒரு பேருந்துச் சீட்டு,
ஒற்றைக் கம்மல்,
ஒரு பால் பல்.

எந்த ஊர்ப் பிள்ளையோ.
நடக்கும்போதே விழுந்து
பலகை இடுக்கில் உருண்டிருக்கும்.
"குப்பை" என்றான் நெவியோ.
"பதிவேட்டில் எழுது" என்றாள் மேற்பார்வைக்காரி ஒதேத்தா.
எழுதப் போனேன்.
குடை, குடை, செபமாலை, குடை,
மேல்வரிசைப் பல்செட் ஒன்று, குடை.
அதற்குக் கீழே "பால் பல், ஏரோதின் காலடி"
என்று எழுதப் பேனா ஓடவில்லை.
கம்மலை மட்டும் எழுதினேன்.

பிரசங்க மேடையைத் தாங்கும் தூண்களின் அடியில்
பெண் சிங்கம் ஒன்று
குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது,
தலைமேல் அத்தனை பளிங்கு பாரம் இருந்தும்.
யாரும் பார்க்காதபோது
குட்டியின் காலுக்கும் தாயின் வயிற்றுக்கும் நடுவே
பல்லைச் செருகினேன்.
அன்று முழுக்க ஏதோ சாதித்தவள்போல் நடந்தேன்,
சாக்ஸில் ஓட்டையோடு.

மறுநாள் வந்தால் இடம் சுத்தமாக இருந்தது.
இரவு ஷிஃப்டுக்குப் புது வாக்கும் கிளீனர் வந்திருக்கிறதாம்,
குறுகிய மூக்கு, எந்த இடுக்கிலும் நுழையுமாம்.
தூசிப் பை?
காலையிலேயே லாரி எடுத்துப் போய்விட்டது.

யார் செய்தது என்று நான் கேட்கவில்லை.
மேலே நூற்று எழுபத்திரண்டு பேர்
பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.
ஏரோதுக்கும் சொல்லாதவர்கள்
எனக்கா சொல்லப்போகிறார்கள்.